காந்தளூர்ச் சாலையும் பிழைப் பதிவேடும்

நாஞ்சில்நாட்டு வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதற்கண் வேண்டுவன கருவிநூல்கள். கல்வெட்டுத் தொகுதி, செப்பேட்டுப் பதிப்பு, ஆண்டுக் கணக்கு வாய்பாடு, அகராதி, நூலடைவு ஆகியவற்றையே ஈண்டுக் கருவி என்கின்றோம். கல்லையும் செப்பேட்டையும் நேரிற் கண்டு படிப்பவர் ஒரு சிலர்; அவர் படித்து அச்சிட்டதை நம்பி எழுதுபவர் மிகப் பலர். ஆதலின் கருவியில் நேர்ந்த பிழை ஒன்று பல நூல்களிற் சென்று தங்கிவிடுகிறது. அப்பிழையைப் பிற்காலத்து ஒருவர் கண்டு திருத்தினார் என்றே கொள்வோம். அத்திருத்தம் எங்கே பதிவாகிறது? பிழை கிடக்கும் பக்கத்தைப் புரட்டுவார்க்கு அது தெரியவரும் வழி யாது?

இவ்வினா புதியதன்று. எனினும் இதற்கு ஒரு விடை, தமிழாராய்ச்சிக்குச் சிறிதும் தொடர்பில்லாத மென்பொருள் துறையிலிருந்து அண்மைக் காலத்தில் கிடைத்துள்ளது. மென்பொருள் வல்லோர் தம் ஆக்கங்களிற் காணும் குறைகளை 'இஷ்யூ டிராக்கர்' என்னும் ஏட்டில் எண்ணிட்டுப் பதிந்து வருகின்றனர். அதனை இக்கட்டுரையிற் பிழைப் பதிவேடு என வழங்குவோம். ஆராய்ச்சிக் கருவியோடு அப்பதிவேட்டைப் பிணைத்தல் நமக்கு ஏன் வேண்டும் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சான்றுகள் கொண்டே காட்ட முயல்வோம்.

985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையிற் 'கலமறுத்த' செய்தி அவன் கல்வெட்டுகளிற் பயில வருவது. நாஞ்சில்நாட்டை ஆராய்வார் எவரும் இத்தொடரைக் கடந்தே செல்லவேண்டும். சோழராட்சி இப்பகுதியிற் பரவிய வரலாற்றின் வாயிலில் நிற்பது இது. ஆயின் கலம் என்பது யாது? 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஊல்ச் அவர்கள் அதனை அணிகலன் எனக் கொண்டு, அணிகலன் போன்றதொரு மண்டபத்தை அரசன் காந்தளூரில் எழுப்பினான் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பின்வந்த தொகுதிகளில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டு, கலம் என்பதைக் கப்பல் என்றும், தொடரின் பொருள் கப்பல்களை அழித்தல் என்றும் கொண்டார். தம் பிழையைத் தாமே திருத்திய அப்பெருந்தகைமை போற்றற்குரியது. ஆயினும் முதல் தொகுதியின் பக்கங்கள் மாறவில்லை. அவை மறுபதிப்பாயின, பின்னர் மின்னுருவும் பெற்றன. அம்மண்டபம் இன்றும் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. மண்டபத்தை எழுப்பியவரே இடித்துவிட்டார் என்பதை அப்பக்கத்தை மட்டும் காணும் மாணவர் அறியார்.

இது பெரியோர் ஒருவரைக் குறைகூறும் பொருட்டு எழுதப்பட்டதன்று. அச்சுநூல் என்னும் கருவியின் இயல்பே அத்தகையது. அச்சேறிய பக்கம் தனக்குப் பின் நிகழ்ந்ததை அறியாது. பின்னே வந்த நூல் முன்னதைச் சுட்டும். முன்னது பின்னதைச் சுட்டுதல் இயலாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபின், விடுபட்ட சொற்களுக்கென அனுபந்தம் ஒன்று வேண்டியதாயிற்று. முதன்மைத் தொகுதியில் ஒரு சொல்லைக் கண்டவர் அனுபந்தத்தையும் எடுத்துப் பார்த்தல் அவரவர் விடாமுயற்சியைப் பொறுத்ததாக இருந்ததேயன்றி, கருவி தானே அவரை அழைத்துச் செல்லவில்லை.

காந்தளூர்ச் சாலைக்கு மீள்வோம். இச்சாலை எத்தகையது என்பதற்கு வலிய சான்று கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கிடைத்தது. முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தின் பெயரால் வழங்கும் ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடுகள் அவை. (பார்த்திவபுரம் தோவாளை, அகத்தீசுவரம் என்னும் நாஞ்சில்நாட்டுப் பழம் பகுதிக்கு மேற்கே, விளவங்கோட்டுப் பகுதியைச் சார்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மாவட்டம் முழுவதையும் நாஞ்சில்நாடு என்று எழுதும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது.) திருவனந்தபுரத்து உசூர் அலுவலகத்தில் இருந்தமையின் உசூர் அலுவலகச் செப்பேடுகள் என்றும் இவற்றைக் கூறுவர். து. அ. கோபிநாதராயர் அவர்கள் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் இவற்றைப் பதிப்பித்தார். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்துப் பெற்ற இடத்தில் மன்னன் திருமால் கோயில் எடுத்ததும், காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர்க்குச் சாலை ஒன்று அமைத்ததும் இவற்றால் அறியப்படுகின்றன. அத்தொண்ணூற்றைவரும் வேதசாகைவாரியாக 45, 36, 14 எனப் பகுக்கப்பட்டிருந்தனர். இலக்கணமும் மீமாஞ்சையும் முதலிய பயிற்சி உடையாரே ஆங்கு இடம் பெறுதற்குரியர்.

எனவே சாலை என்பது உண்டியும் கல்வியும் ஒருங்கு நிகழ்ந்த நிறுவனம் என்பது தெளிவாயிற்று. இத்தெளிவு வந்தபின் 'கலம்' கப்பலாகவே இருத்தல் வேண்டுமா என்னும் ஐயம் எழுதல் இயற்கை. தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள், கவிதையால் மட்டுமே அறியப்படத்தக்கவர் அல்லர். அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளைக் கண்டு படியெடுத்து ஆராய்ச்சியுலகுக்கு அறிமுகம் செய்த அவர், காந்தளூர்ச் சாலை பற்றியும் தனியே ஆராய்ந்து எழுதினார். சாலையைக் கப்பற்றுறையாகக் கொள்ளாது ஊட்டுச்சாலை என்னும் நோக்கில் தொடரை விளக்கியவர் அவர். மறுபுறம், நீலகண்ட சாத்திரியார் முதலிய சோழ வரலாற்று ஆசிரியர்கள் கடற்போர்ச் செய்தி என்னும் பொருளையே பின்பற்றினர். 1970இல் மு. கோ. ச. நாராயணன் அவர்கள் இச்சாலை குறித்துப் புதிய நோக்கில் ஆராய்ந்து எழுதினார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அணிகலன், கப்பல், உண்கலம் என ஒரு சொல் மூன்று உருக்கொண்டு மூன்று இடங்களிற் கிடக்கிறது. மூன்றையும் ஒருங்கே காண விழைபவர், ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டே அறிய வேண்டியுள்ளது.

பொருள் வேறுபாட்டையாவது புலமைப்போர் என விடலாம். எண்கணக்கில் நேரும் பிழைக்கு அவ்வமைதியும் இல்லை. மேற்கூறிய செப்பேடுகள் தம் காலத்தைக் கலியுகத்து நாட்களால் உரைப்பன. அந்நாள் 14,49,087 என்பது. இதனினும் துல்லியமாகக் காலம் உரைக்கும் ஆவணம் அக்காலத் தமிழகத்தில் அரிது. எனினும் இச்செப்பேடுகளின் காலம் சில நூல்களில் 865 என்றும், சிலவற்றில் 866 என்றும் காணப்படுகிறது. ஒரே நாள் இரண்டு ஆண்டுகளில் எங்ஙனம் அமையும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். கலியுகத் தொடக்கம் கி. மு. 3102 பிப்ரவரி 18. ஆண்டொன்றுக்கு 365¼ நாளாக 3967 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 14,48,947 நாட்கள் ஆகும். எஞ்சுவன 140 நாட்கள். இனி 3967இலிருந்து 3102ஐக் கழிப்போர் 865 என்று காண்பர், அங்கேதான் வழுக்கல். கி. மு. 1ஐ அடுத்து வருவது கி. பி. 1, இடையே சுழிய ஆண்டு இல்லை. ஆதலின் ஓர் ஆண்டு கூட்டப்படல் வேண்டும். 866 பிப்ரவரி 18இலிருந்து 140 நாட்களை எண்ணினால் சூலை 8ஆம் நாளை ஒட்டி வருகிறது. தொடக்க நாளைச் சேர்த்தெண்ணுவதா விடுத்தெண்ணுவதா என்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆண்டு 866 என்பதில் ஐயமில்லை. 865 என எழுதினோர் அனைவரும் இவ்வழியாகவே வழுவினர் என்று யாம் சொல்லவில்லை; வழுவுதற்குரிய வழி இஃதொன்று உண்டு என்பதே கருத்து.

கொல்லம் ஆண்டிலும் இத்தகைய பொறி உளது. நாஞ்சில்நாட்டு ஆவணங்களிற் கொல்லம் ஆண்டே பெருவழக்கு. ஆவணி முதல் திசம்பர் முடியவுள்ள நாட்களுக்கு 824ஐயும், சனவரி முதல் ஆடி முடியவுள்ள நாட்களுக்கு 825ஐயும் கூட்டல் வேண்டும். மாதம் குறிப்பிடாத ஆவணத்துக்கு ஒரே எண்ணைக் கூட்டி ஆண்டை உறுதி செய்துவிடுதல், பட்ட ஆய்வேடுகளில் யாம் அடிக்கடி காண்பது.

இவை போன்ற திருத்தங்கள் எழுதப்படாமல் இல்லை. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் உள்ளன. தொகுதியின் இறுதிப் பக்கத்துப் பிழைதிருத்தத்தில் உள்ளன. இதழ்க் கட்டுரைகளில் உள்ளன. ஆசிரியர் ஒருவர் தம் சொந்தப் படியின் ஓரத்திற் பென்சிலால் எழுதி வைத்தும் போயிருக்கின்றார். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இத்தொல்லை இருமடங்கு. 1956 நவம்பர் 1இல் இப்பகுதி தாய்த் தமிழகத்தோடு இணையும் வரை இதன் கல்வெட்டுகள் திருவிதாங்கூர் அரசின் வரிசையில் வெளிவந்தன. பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கன்னியாகுமரிக் கல்வெட்டுகளைத் தனித் தொகுதிகளாக வெளியிட்டது. ஒரே கல்லுக்கு இரண்டு எண், சிற்சில வேளை அதற்கும் மேல். ஓர் எண்ணின் கீழ் எழுதிய திருத்தம் மற்றோர் எண்ணின் கீழ்த் தேடுவார்க்குக் கிட்டாது. எல்லைக்கோடு மாறியபோது கற்கள் இடம் பெயரவில்லை. அவற்றின் முகவரிகள் மட்டும் பெயர்ந்தன.

இனி மென்பொருளார் செய்தது யாது எனக் காண்போம். அச்சுக்கோப்புக்குரிய 'டெக்' என்னும் மென்பொருளை ஆக்கிய டொனால்டு குனூத் அவர்கள், 1978 முதல் அதில் தாம் கண்ட பிழைகளை நாட்குறிப்புப் போல எழுதிவந்தார். 1989இல் அப்பிழைகளையே பொருளாக்கி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பிழை கண்டு சொன்னவர்க்கு அவர் 2008 வரை சிறு தொகைக்குக் காசோலை விடுத்ததும், பெற்றவர் அதனை வங்கிக்கு அனுப்பாமல் சட்டமிட்டு வைத்ததும் பலரும் அறிந்த செய்தி. பிழையைப் பதிதல் இழிவன்று, பெருமை என்னும் மனப்பான்மை அங்கே உருவாயிற்று. தனியொருவர் குறிப்பேடாக இருந்தது பின்னர்ப் பொது ஏடாகியது. டெபியன் குழுவினர் 1994லும், மொசில்லா குழுவினர் 'பக்சில்லா' என்னும் பெயரில் 1998லும் இத்தகைய பதிவேடுகளை நிறுவினர். 2008இல் தோன்றிய கிட்ஹப் என்னும் தளம் மூலத்தையும் பதிவேட்டையும் ஒரே இடத்தில் வைத்தது.

இப்பதிவேட்டின் உயிர்நிலை மிக எளியது. ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண், அவ்வெண் மாறாது. எவ்விடத்துக் கண்டது, கண்டது யாது, இருக்கவேண்டியது யாது, பிறரும் அதனை எங்ஙனம் கண்டு உறுதி செய்யலாம் என்பன அதன் கீழ் எழுதப்படும். மூலத்தைத் திருத்துபவர் தம் திருத்தக் குறிப்பில் அவ்வெண்ணைச் சுட்டுவார். சுட்டிய அளவிலே பதிவிலிருந்து திருத்தத்துக்கும், திருத்தத்திலிருந்து பதிவுக்கும் வழி பிறக்கிறது. அச்சுநூலால் இயலாத முன்னோக்கிய சுட்டு இங்கே இயல்கிறது என்பதே நாம் கருதத்தக்கது. மூலம் எழுதும் கிட் என்னும் முறை, எவர் எந்நாளில் எவ்வரியை மாற்றினார் என்பதையும் அழியாது காக்கும். பழைய பாடம் மறைவதில்லை. அதன்மேற் புதிய பாடம் அமர்கிறது. உரையாசிரியர் பாடபேதம் காட்டும் மரபில் வந்த நமக்கு இது அயலானதன்று.

கல்வெட்டுத் துறையில் இப்பிணைப்பு ஏட்டளவில் நில்லாது செயலுக்கும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நல்கையால் 2019இல் தொடங்கிய 'தர்மா' என்னும் ஆய்வுத்திட்டம் தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை மின்பதிப்பாக்கியது. பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். எபிடாக் என்னும் குறியீட்டு முறையில் ஒவ்வொரு கல்வெட்டும் தனிக் கோப்பாக எழுதப்படுகிறது. ஐயத்துக்குரிய எழுத்து, சிதைந்து பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்து, கல்தச்சன் பிழை, முன்னைப் பதிப்பாசிரியர் கொண்ட பாடம் ஆகியவை வெவ்வேறு குறிகளால் விளங்கும். அக்கோப்புகள் கிட்ஹப் தளத்தில் உள்ளன. பதிவேடும் அங்கேயே உள்ளது. மேற்கோள் நூல்களோ 2006இல் தோன்றிய ஸொட்டெரோ என்னும் நூலடைவுக் கருவியில் தொகுக்கப்பட்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சுருக்கக் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது. கல்வெட்டுக் கோப்பு அக்குறியீட்டால் நூலைச் சுட்டும்.

நம் மாவட்டத்துக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஸொட்டெரோவில் ஊல்ச் பதிப்புக்கு ஒரு பதிவு, கோபிநாதராயர் பதிப்புக்கு ஒரு பதிவு, கவிமணி கட்டுரைக்கு ஒரு பதிவு. கருவி தானே ஒவ்வொரு பதிவுக்கும் எட்டெழுத்துத் திறவு ஒன்று தருகிறது. பிழைப் பதிவேட்டில் '1890ஆம் ஆண்டுப் பதிப்பின் மொழிபெயர்ப்பு ஆசிரியராலேயே கைவிடப்பட்டது' என ஒரு குறை எண்ணிடப்படும். அதன்கீழ் ஸொட்டெரோத் திறவுகள் எழுதப்படும். ஸொட்டெரோப் பதிவின் இணைப்பில் அக்குறை எண்ணின் முகவரி சேர்க்கப்படும். இரு கருவிகளும் பிற நிரல்களோடு உரையாடும் வாயில் உடையனவாதலின், கை வருந்தாது இச்சேர்க்கையைச் செய்ய ஒரு சிறு நிரல் போதும். பதிவுகள் சிலவே ஆயின் அந்நிரலும் வேண்டா. இதன் பயன், முதல் தொகுதியை மேற்கோளாக எடுக்கும் மாணவர் கையில் அந்நூற்பெயரோடு எச்சரிக்கையும் உடன்வந்து சேரும் என்பது. பல ஆண்டுகளாக அடிக்குறிப்பிலே அடங்கிக் கிடந்த செய்தி, தேவைப்படும் இடத்திலே தானே வந்து நிற்கும்.

ஆயினும் மென்பொருளார் வழக்கை அப்படியே கொள்ளுதல் தகாது. அவர் பதிவேட்டில் ஒரு குறை திறந்திருக்கும், அன்றி மூடப்படும். மூடுதற்குரிய காரணங்களாகப் பக்சில்லாவில் முன்னரே வகுத்த சொற்கள் உள. சரிசெய்யப்பட்டது, செல்லாதது, திருத்தப்போவதில்லை, முன்னரே பதியப்பட்டது என்பன அவற்றுட் சில. 'என்னிடத்தில் நன்றாக இயங்குகிறதே' என்னும் பொருள்பட ஒன்றும் உண்டு. இவ்விறுதி விடையைப் புலமையுலகத்திலும் யாம் கேட்டதுண்டு. 865 எனும் பிழை முதல்வகைச் சொல்லால் மூடத்தக்கது. கணக்கு முடிந்தது, இனி வழக்கில்லை. கலம் என்பதற்கோ இச்சொற்களுள் ஒன்றும் பொருந்தாது. படிப்பிற் பிழை வேறு, கணக்கிற் பிழை வேறு, பொருள்கோளில் வேறுபாடு வேறு. மூன்றையும் ஒரே பெட்டியில் இட்டால், பதிவேட்டை ஆள்பவர் எவரோ அவர் கருத்தே முடிந்த முடிபாகிவிடும் தீங்கு உண்டு. ஆதலின் பொருள்கோள் பற்றிய பதிவுக்கு 'மூடப்பட்டது' என்னும் நிலையே வழங்காதிருத்தல் நலம். அதன்கீழ் உரைகள் வளரலாம், முடிப்பு வேண்டா.

மற்றோர் அச்சமும் உண்டு. இத்தளங்கள் தனியார் உடைமை. கூகிள் கோடு என்னும் தளம் 2016இல் மூடப்பட்டது. அதிலிருந்த பதிவுகள் காப்பகத்துப் பொருளாயின. கிட்ஹப் 2018இல் மைக்ரோசாப்ட்டின் கைக்கு மாறியது. ஓலையைக் கறையானும், கல்லைச் சுண்ணாம்புப் பூச்சும் அழித்த நாட்டில் இதனைப் புதிய துன்பம் என்று சொல்லுதற்கில்லை. கிட் முறையில் ஒவ்வொரு படியும் முழுப்படியாதலின் மூலம் பிழைக்கும். பதிவேடோ தளத்தோடு ஒட்டியது, தானே உடன்வாராது. ஆகவே ஆண்டுக்கொரு முறை பதிவேட்டை எளிய எழுத்துக்கோப்பாக இறக்கி மூலத்தோடு சேர்த்து வைப்பதும், முதன்மையான திருத்தங்களை ஆராய்ச்சி இதழொன்றில் அச்சிடுவதும் கடனாகும். அச்சுக்கும் இப்பணியில் இடமுண்டு.

இப்பணிக்கு ஆட்சிக்குழுவும் பெரும்பொருளும் வேண்டுமோ எனின், வேண்டா என்பதற்கு நாஞ்சில்நாட்டு வரலாறே சான்று. திருவிதாங்கூரின் பண்டை வேந்தர் சிலரைப் பற்றி 1894இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்கள், தத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்; கல்வெட்டு அவருக்குத் தொழிலன்று. தம் முயற்சியாற் படிகள் தொகுத்து, அதுவரை வழங்கிய அரசர் வரிசையைச் சான்றுகாட்டி மாற்றினார். கவிமணியும் பள்ளியிலும் கல்லூரியிலும் கற்பித்த ஓய்வு நேரத்திலேயே ஓலைகளைப் படியெடுத்தார். இருவரும் செய்தது, பிழை கண்டு பதிதலே. பதிந்ததைப் பிணைத்து வைத்தற்குரிய ஏடு அவர்க்கு இல்லாதிருந்தது.

சுந்தரம் பிள்ளை பெயரால் 1990இல் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் முதுகலை மாணவர் தொடங்கத்தக்க பணி, திருவிதாங்கூர் வரிசையின் எண்ணையும் தமிழ்நாட்டுத் தொகுதிகளின் எண்ணையும் ஊர்வாரியாக இணைத்துக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணை. அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாளம் ஒன்று தரப்படல் வேண்டும். பார்த்திவபுரச் செப்பேடுகளின் வரியோடு தொடக்கத்திலேயே இரண்டு குறைகளைப் பிணைக்கலாம். ஒன்று ஆண்டு பற்றியது; மேலே காட்டிய கணக்கை அதன்கீழ் எழுதி அன்றே மூடலாம். மற்றொன்று கலம்.